பிடிபடாதவர்

“சும்மா போய்த் தொட்டுட்டு வாடான்னா, அதுல இன்னாடா கஷ்டம் உனக்கு?”

கபடிப் பயிற்சியாளர் இளஞ்செழியன் இடைவேளையில் இப்படிக் கேட்டபோது, ஆகாஷ் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். முதல் பாதியில் ஆறு முறை பாடிப் போய், ஐந்து முறை பிடிபட்டிருந்தான்.

“காலப் புடிச்சிட்றாங்க சார்.”

“எப்பிடிப் புடிக்கிறான்?”

“குனிஞ்சுதான் சார்.”

மற்ற பையன்கள் தண்ணீர் பாட்டிலால் வாயை மறைத்துக்கொண்டார்கள்.

“நான் ஆடறப்ப எவனும் குனிஞ்சதே இல்லடா. நேரா போவேன். ரெண்டு பேரத் தொடுவேன். திரும்பி நடந்து வருவேன். ஓடக்கூட மாட்டேன்.”

“அது எப்பிடின்னுதான் சார் கேக்கறோம்.”

இளஞ்செழியன் நெஞ்சை நிமிர்த்தினார்.

“தைரியம் வேணும்டா” என்றார். போன ஆட்டத்திலும் அதையேதான் சொல்லியிருந்தார்.

ரிஷிவந்தியம் சுற்றுவட்டாரத்தில் அவர் பெயரைத் தெரியாத கபடி ரசிகர் கிடையாது. பதினொரு வருடம் ஆடினார். ஊர்ப் போட்டிகளில் ஒருமுறைகூட அவரை யாரும் பிடித்ததில்லை. சேலத்தில் நடந்த அணித் தேர்வுக்கு ஒரே ஒரு தடவை போனார். முதல் ரைடிலேயே கணுக்கால் பிசகிவிட்டது. நேரம் சரியில்லை என்று வீடு திரும்பியவர், அத்தோடு ஆட்டத்தை விட்டுவிட்டார். அந்தப் பழைய பெயருக்காகத்தான் சின்னசேலம் அணி அவரைத் தேடிப் போய் அழைத்து வந்தது. அவர் வந்த நாளிலிருந்து தோல்விமேல் தோல்வி.

அணிச் செயலாளர் தங்கதுரை மெல்லப் பக்கத்தில் வந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க சார். இன்னிக்கும் தோத்தா, வேற ஆளப் பாக்கலாம்னு கமிட்டில முடிவு பண்ணிட்டாங்க.”

“பசங்க சரியில்ல தங்கதுரை.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தங்கதுரைக்கு அது வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டார்.

“இதே பசங்க போன வருசம் ஜெயிச்சிக்கினுதானே சார் இருந்தாங்க?”

இளஞ்செழியன் மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்லவேளையாக விசில் ஊதிவிட்டார்கள்.

இரண்டாம் பாதியில் ஆகாஷ் தைரியமாகவே போனான், தைரியமாகவே பிடிபட்டான். முப்பத்திரண்டுக்குப் பதினேழு என்று ஆட்டம் முடிந்தது. தங்கதுரை இளஞ்செழியன் பக்கம் திரும்பாமலே பைக்கைக் கிளப்பினார். அதிலேயே எல்லாம் இருந்தது.

மைதானம் காலியானது. ஆகாஷின் அப்பா அம்மாசி மட்டும், உடை மாற்றப் போன மகனுக்காகப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இளஞ்செழியன் கிட்டே வந்ததும் எழுந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது.

“ஒக்காரு அம்மாசி.”

“இருக்கட்டுங்க.”

“நீயும் அந்தக் காலத்துல எனக்கு எதிர் டீம்ல ஆடினவன்தானே? நீ காலப் புடிச்சா உடும்புப் புடின்னு பேரு. லாரி ஓட்டற கண்ணாயிரம், அவ்ளோ பெரிய ஆளு, அவனையே மண்ணுல சாச்சவன் நீ.”

“அது ஆச்சுங்க இருவது வருசம்.”

“என்னை மட்டும் ஏன் உன்னால புடிக்க முடியல?”

அம்மாசி மகன் போன திசையைப் பார்த்தார்.

“நெஜமாத்தான் கேக்கறேன். நான் அப்பிடி இன்னா பண்ணேன்? காலை எப்பிடி வெச்சேன்? ஒடம்ப எப்பிடி வளைச்சேன்? எனக்கே தெரியல. தெரிஞ்சிருந்தா பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன். வேல போனா போவட்டும். இத்தினி வருசம் சம்பாரிச்ச பேரு போவுது அம்மாசி.”

அம்மாசிக்குப் பாவமாக இருந்தது.

“சொன்னா கோச்சிக்கக் கூடாதுங்க.”

“கோச்சிக்கல. சொல்லு.”

அம்மாசி துண்டை இரண்டாக மடித்தார். பிறகு நாலாக மடித்தார்.

“எந்த ஊரு டீமா இருந்தாலும், எதுக்க நின்ன ஏழு பேரும் உங்கப்பா கரும்புத் தோட்டத்துல கூலிக்கு வந்தவங்கதாங்க. சாயங்காலம் உங்க காலப் புடிச்சி மண்ணுல தள்ளிட்டு, விடிஞ்சா எந்த மூஞ்சிய வெச்சிக்கினுங்க வேலைக்கு வர்றது?”