தளும்பிய சொம்பு

அம்மன் சந்நிதிக்கு எதிரே நாடகம் கடைசிக் காட்சிக்கு வந்திருந்தது. தோற்றுப்போன அரசனுக்குக் காவலன் தண்ணீர் நீட்டுவான். அரசன் சொம்பைத் தட்டிவிட்டு, பாடியபடியே உயிரை விடுவான். இருபது வருடமாக ராஜா வேடம் கட்டும் அம்பலவாணன் தட்டிவிடுவது வெறும் சொம்பைத்தான். இன்றோ குரல் கம்மி, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாவுப் பாட்டு இன்னும் பாக்கி இருந்தது.

"ராஜாவுக்குத் தொண்டை கட்டிடுச்சுடோய்!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

காவலன் வேடத்தில் மருதப்பன் வந்து மண்டியிட்டான். காலையில்தான் எல்லோர் முன்னாலும், "வெறும் சொம்பு தூக்கத்தான்டா நீ லாயக்கு" என்று அம்பலவாணன் அவனை ஏசியிருந்தார். இப்போது அவன் நீட்டிய சொம்பில் தண்ணீர் தளும்பியது.

"ஒரு வாய் குடிங்கண்ணே," என்றான், உதடு அசையாமல்.

"இந்த ராஜா குடிக்க மாட்டான்டா," என்று அவர் பல்லைக் கடித்தார்.

"ராஜா குடிக்க வேணாம். நீங்க குடிங்கண்ணே."

தண்ணீருக்குள் அவருடைய காகிதக் கிரீடம் நடுங்கிக்கொண்டிருந்தது. மருதப்பனின் கை மட்டும் நடுங்கவில்லை. அம்பலவாணன் தன் கையை உயர்த்தினார்.