ஒரு சாண் உயரம்

மரம் ஏறும் சாமான்கள் விற்கும் கடையில், உத்தரத்துக் கொக்கியிலிருந்து தொங்கும் கயிற்றில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆடுகின்றன. பிரசவத்துக்குப் பின் பழைய இடுப்புப் பட்டை கடைசித் துளைக்கும் எட்டவில்லை. இப்போது மாட்டிப் பார்க்கும் புதியதில் தொடைப்பட்டைகள் அகலமாக, மெத்தென்று இருக்கின்றன. சன்னல் வெயில் வரிசையாகத் தொங்கும் கொக்கிகளில் பட்டு அவள் முழங்கையில் நெளிகிறது. "எங்கயாவது உறுத்துதாம்மா?" என்கிறார் கடைக்காரர். "இல்லண்ணே. இதுல நாள் பூரா மேலயே இருக்கலாம்." கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறான் கணவன். இத்தனை வருடமும் அவள் ஏறும்போதெல்லாம் கீழே நின்று கயிறு பிடித்தவன் அவன்தான். "நீ மேல போயிட்டா நான் கயித்தப் பிடிப்பனா, இவளப் பிடிப்பனா?" என்று மெல்லக் கேட்கிறான். "இறக்கிடவாம்மா?" என்கிறார் கடைக்காரர். "இன்னும் கொஞ்ச நேரம்ண்ணே." கயிறு முனகிக்கொண்டு திரும்ப, அவளும் சன்னல் பக்கம் திரும்புகிறாள். தெருவோரத்துப் பெரிய மரத்துக்குள் காற்று புகுந்து, உச்சிக்கிளை மட்டும் தனியாக அசைகிறது. குழந்தை பசியில் சிணுங்கத் தொடங்குகிறது. அவளுக்குப் பால் சுரந்து சட்டை நனைகிறது. கண் மட்டும் அந்தக் கிளையை விட்டு இறங்கவில்லை.