மூன்றாவது பிரியாவிடை

பழனிசாமிக்கு இது மூன்றாவது பிரியாவிடை.

முதலாவது, ரிட்டையர் ஆனபின் குடியேற, தாய்லாந்துக்கு. இரண்டாவது வியட்நாமுக்கு. இரண்டு முறையும் ஆக்லாந்து நகரின் லின்ஃபீல்ட் பகுதித் தமிழர்கள் பொன்னாடை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்து, கண்கலங்கி வழியனுப்பினார்கள். இரண்டு முறையும் அவர் குடிபோகவில்லை.

கடைசி நேரத்தில் மனைவி பூங்கோதை முட்டுக்கட்டை போட்டுவிட்டாள்.

"தாய்லாந்தா? எந்தச் சந்துக்குப் போனாலும் மீன் வாடை. நான் வரலை."

"வியட்நாமா? அத்தனை ஸ்கூட்டருக்கு நடுவுல ரோட்டைத் தாண்டறதுக்குள்ள என் ஆயுசு முடிஞ்சிடும். நான் வரலை."

இந்த முறை மலேசியா. பினாங்கு. புதுப் பொன்னாடை கிடையாது என்று சங்கச் செயலாளர் விநாயகமூர்த்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன முறை போர்த்தியதையே பழனிசாமி வீட்டிலிருந்து பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

சனிக்கிழமை மதியம். சமூகக்கூடத்துச் சுவரில் அவருடைய எக்செல் அட்டவணை பெரிதாகத் தெரிந்தது. ஐந்து நாடுகளை ஒப்பிட, நாட்டுக்குப் பதினேழு கட்டங்கள்.

"விசா, வாடகை, ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாச்சுங்க," என்றார் பழனிசாமி மைக்கில். "பதினேழாவது கட்டம்தான் முக்கியம். இட்லி மாவு! இந்த ஆக்லாந்து குளிர்ல, சுடுதண்ணி டேங்க் இருக்கிற அலமாரிக்குள்ள வெச்சாலும் பொங்க ரெண்டு நாள் ஆகுது. பினாங்குல ஆறே மணி நேரம்!"

பலத்த கைதட்டல்.

"அப்ப சாயங்காலத்துக்குள்ள புளிச்சிடும்," என்றாள் முன்வரிசையிலிருந்து பூங்கோதை. "நான் வரலை."

கைதட்டல் அப்படியே நின்றது.

"பாவம் அந்த மனுஷன். ரிட்டையர் ஆகியும் விடுதலை இல்லை," என்றது ஒரு குரல்.

பழனிசாமி இரண்டு கைகளையும் விரித்தார். "கேட்டீங்கல்ல? நான் என்ன பண்றது?"

அவரைவிட அதிகம் கொதித்தவர் பெனடிக்ற். பழனிசாமியின் பக்கத்து வீட்டுக்காரர். மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. மூன்று பிரியாவிடைக்கும் எழுபது எழுபதாக மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

சாம்பாரைச் சூடாக்கப் போன பூங்கோதையின் பின்னாலேயே சமையலறைக்குள் போனார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. அந்த மனுசன் அஞ்சு வருசமாக் கனவு காணுது. நீங்கள் வராட்டில் விடுங்கோ. அவரையாவது தனியப் போக விடுங்கோவன்."

பூங்கோதையின் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் விழுந்தது.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த யோசனையை மட்டும் அவர் காதுல போட்டுடாதீங்க."

என்ன சுயநலம்! பெனடிக்ற் நேரே போய் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் கேளுங்கோ! அக்கா வராட்டிலும் அண்ணை போறார்! டிக்கெட் கைவசம் இருக்கு. செவ்வாய்க்கிழமை நானே எயார்போட்டில கொண்டுபோய் விடுறன்!"

விசில் பறந்தது. விநாயகமூர்த்தி பொன்னாடையை உதறி மறுபடியும் போர்த்தினார்.

பழனிசாமியின் முகம் தேங்காய்ச் சட்னி போல வெளுத்தது.

"நானா? தனியாவா?"

முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளை மாதிரி அவர் கண்கள் சமையலறைக் கதவையே பார்த்தன.

கதவு படாரென்று திறந்தது.

"அதெப்படி? முப்பத்தெட்டு வருஷம் ஆக்கிப்போட்டவளை விட்டுட்டு இவர் மட்டும் அங்க போய் ஜாலியா இருப்பாரா? கிளம்பட்டும் பார்க்கலாம்! பாஸ்போர்ட்டை அடுப்புல போடறேனா இல்லையான்னு பாருங்க!"

"இப்படியும் ஒரு பொம்பளையா!" என்று விநாயகமூர்த்தி முணுமுணுத்தது மைக்கில் கேட்டது.

பழனிசாமி நீண்ட பெருமூச்சு விட்டார். பிறகு உட்கார்ந்து நான்கு ரோல்ஸ் சாப்பிட்டார்.

எல்லோரும் கிளம்பியபின் பெனடிக்ற் பாத்திரங்களைக் கோபமாகக் கழுவிக்கொண்டிருந்தார். பூங்கோதை கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தம்பி, அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு மாசம் இருந்து பார்க்கலாம்னு தாய்லாந்து போனோமே, ஞாபகம் இருக்கா?"

"ஓம். உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டு ஒரு கிழமையில திரும்பி வந்தனீங்கள்."

"மூணாம் நாளே ஹோட்டல் கட்டில்ல உட்கார்ந்து அழுதார். நம்ம வீடு, நம்ம லின்ஃபீல்ட், நம்ம பெனடிக்ற்னு. அதுக்குள்ள வெளிநாட்டுலயே குடியேறப் போறதா ஊரெல்லாம் டமாரம் அடிச்சாச்சு. பயந்துட்டார்னு சொல்லிடுவாங்களோன்னு நாட்டை மாத்திக்கிட்டே இருக்கார். பெண்டாட்டி விடலைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க பாருங்க."

பெனடிக்ற் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"அப்ப மீன் வாடை? ஸ்கூட்டர்?"

"வாய்க்கு வந்ததைச் சொல்றதுதான். மாவுச் சாக்கு இன்னிக்கு அவசரத்துல வந்தது."

பெனடிக்ற் அசடு வழியச் சிரித்தார். "அது சரி. உங்களுக்கும் போக விருப்பமில்லைத்தானே அக்கா? பிறகென்ன."

ஜன்னலோரம் வைத்திருந்த பூங்கோதையின் போன் கணீரென்று பேசியது. "வணக்கம்! இன்று உங்கள் மலாய் மொழி வகுப்பு, பாடம் இருநூற்றுப் பதினான்கு..."

பூங்கோதை ஈரக்கையோடு ஓடிப்போய் அணைத்தாள்.

"சும்மா, பொழுதுபோக்குக்கு," என்றாள். "தாய்லாந்து பாஷையை முழுசா முடிச்சுட்டேன். வியட்நாம்தான் பாதியில நின்னுபோச்சு."