சோற்றுக்கை

டாக்டர் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் மகளைத் தொடாமல் பின்னால் நின்றாள். அழுத்தித் தொட்டால் கொப்புளம் வந்துவிடும் தோல். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

"ரெண்டு கையும் ஒரே மாதிரி ஆறியிருக்கும்மா." டாக்டரின் குரலில் சந்தோஷம் இல்லை. "அப்ப வெறும் களிம்பே போதும்னு ஆகுது. மருந்துக்குன்னு தனியா வேலை இல்ல. இந்த வியாதி உள்ள பிள்ளைங்களே கொஞ்சம்தான். ஒவ்வொரு கையும் எங்களுக்கு முக்கியம்."

அவள் தலையாட்டினாள்.

புது மருந்துக்கான சோதனை அது. இடது கைக்கு ஒரு டியூப். வலது கைக்கு ஒரு டியூப். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் களிம்பு. எதில் எது என்று டாக்டருக்கும் தெரியாது. மாற்றிப் பூசக் கூடாது என்று மட்டும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. இடது கையில் புண்கள் காய்ந்தன. வலது கை அப்படியே இருந்தது.

ஒரு மதியம், ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தபோது, தர்ஷினி இடது கையைச் சோற்றில் வைத்தாள். ஏழு வயதாகியும் சோற்றைத் தொட்டறியாத பிள்ளை.

"சோத்துக்கையால சாப்பிடுடா கண்ணு."

வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது.

தர்ஷினி கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி ஸ்பூனுக்கு வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து இடது கை டியூப்தான் இரண்டு கைகளுக்கும். மற்றதைத் தினமும் கொஞ்சம் தொட்டியில் பிதுக்கித் தண்ணீர் விட்டாள். காலி டியூப்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே.

இப்போது இரண்டும் டாக்டரின் மேசையில் நசுங்கிக் கிடந்தன.

வெளியே பெஞ்சில் ஒரு பெண். மடியில் கைக்குழந்தை. அதன் கைகளைப் பஞ்சு வைத்துச் சுற்றியிருந்தார்கள்.

அந்தப் பெண் தர்ஷினியின் கைகளையே பார்த்தாள்.

"மருந்து கேக்குதாக்கா?"

அவள் மகளைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் மகளைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள். நாளையிலிருந்து டியூப் கிடையாது. சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும். பிறகு அந்த மருந்தே இருக்காது, யாருக்கும்.

டிபன் பாக்ஸைத் திறந்து தர்ஷினியிடம் கொடுத்தாள். குழைய மசித்த தயிர்சாதம். ஸ்பூனைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

தர்ஷினி வலது கையால் பிசைந்தாள். சின்னதாக ஒரு கவளம் உருட்டினாள். விரலிடுக்கில் வழிந்ததை நக்கினாள்.

அவள் அவசரப்படுத்தவில்லை.

டப்பா காலியானது. மகளின் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். துடைக்காமல், துணியால் ஒற்றியெடுத்தாள்.

பிறகு எழுந்தாள்.

"கேக்குதும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, டாக்டரின் கதவைத் தட்டினாள்.