பன்னிரண்டாவது பட்டை

கடைசியாக ஆமையை உயிரோடு பார்த்தபோதும் ஜோசியர் அவரைக் கிண்டல்தான் செய்தார்.

"என்ன ஆமையாரே, பன்னிரண்டாவதுலயும் நான்தான் முந்தப்போறேனா?"

"பசை காயட்டும் ஜோசியரே," என்று சிரித்தபடி இயந்திரத்தைத் துடைத்தார் ஆமை.

இருவருக்கும் ஒரே வயது, ஒரே ஆய்வுக்கூடம். மெல்லிய இழைத்தாள்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த பட்டை எவ்வளவு இழுத்தால் அடுக்கு அடுக்காகப் பிரியும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே சொல்வது ஒருவர் வேலை. அதனால் ஜோசியர். நிஜப் பட்டையை இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்பது மற்றவர் வேலை. எதையும் நேரத்துக்கு முடிக்காததால் ஆமை.

மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். பட்டை பிரிவதற்கு முன்பே கம்ப்யூட்டரின் பதில் வந்தாக வேண்டும்; பிரிந்த பிறகு சொல்ல ஜோசியர் எதற்கு? பன்னிரண்டு பட்டைகளில் ஒன்றுக்குப் பதில் பிந்தினாலும் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பூட்டு.

பதினொன்றிலும் ஜோசியரே முந்தினார். ஒரு கணக்கு முடிய நான்கு நாள் ஆகும். ஆமைக்கு அதுவும் போதாது. ஒருநாள் திருகு தளர்ந்திருக்கும், இன்னொரு நாள் பசை காய்ந்திருக்காது. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேலாளர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். மனுஷனைவிடக் கம்ப்யூட்டரே தேவலை என்று ஜோசியரும் ஒத்து ஊதினார். ஆமை காதைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

'பசை காயட்டும்' என்று சொன்ன அன்று மாலை வீட்டுக்குப் போய் நாற்காலியில் சாய்ந்த ஆமை பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மூன்றாம் நாள், பக்கத்துப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை அவர் இடத்துக்கு அனுப்பினார்கள். ஜோசியரின் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் தெம்பாகத்தான் போய் நின்றார்.

"உனக்கு எத்தனை நாள் ஆகும்மா?"

"நாளா? அரை மணி நேரம் போதும் சார். பசை காஞ்சு பத்து நாளாச்சு. அவரே எல்லாம் மாட்டி வெச்சுட்டுத்தான் போயிருக்காரு. இழுத்துடட்டுமா?"

"இரு, இரு" என்று ஜோசியர் குறுக்கே கையை நீட்டினார்.

"அதுக்குத்தானே கேட்டேன் சார். சீட்டு ஒட்டியிருக்காரே."

குனிந்து பார்த்தார். பட்டையின் ஓரத்தில் ஆமையின் கோணல் எழுத்து:

'தயார். ஜோசியர் பதில் வந்த பிறகுதான் இழுக்கணும்.'

கீழே இழுப்பறையில், ஏற்கெனவே பிரிந்த பதினொரு பட்டைகளிலும் அதே சீட்டு ஒட்டியிருந்தது.