காலி சைக்கிள் ஸ்டாண்ட்

“சைக்கிள்லயா? ஜி.எஸ்.டி. ரோட்ல, லாரிங்களுக்கு நடுவுலயா? என் மேல உங்களுக்கு என்ன கோபம் சரிதா?”

ஹர்ஷா சிரித்துக்கொண்டே லிஃப்டுக்குள் போய்விட்டான். சைக்கிளில் வரச்சொல்லி காலையிலிருந்து அவள் கேட்ட ஊழியர்கள் எல்லாருமே இப்படி ஏதாவது சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

பெருங்களத்தூரில் இருந்த அந்த அலுவலகக் கட்டடத்துக்கு சரிதாதான் நிர்வாகி. பசுமைக் கட்டடச் சான்றிதழில் உயர்ந்தது பிளாட்டினம். அதற்கு இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் வேண்டியிருந்தது.

விதிகளை எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். ஒரு வருஷமாக அவர்களோடு மல்லுக்கட்டியிருந்தாள். எங்கள் ஊருக்கு அத்தனை ஏசி வேண்டாம், ஃபேன் காற்றும் கணக்கில் வர வேண்டும் என்று வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தாள். மேற்குச் சுவரில் கண்ணாடி கூடாது என்று சொல்லி ஜெயித்தாள். சைக்கிள் விதி மட்டும் அசையவில்லை. கட்டடத்தில் வேலை செய்பவர்களில் சிலராவது சைக்கிளில் வர வேண்டும். வந்ததும் குளிக்க ஓர் அறை வேண்டும். அது அவர்கள் ஊர் வழக்கம்.

ஸ்டாண்ட் கட்டியாயிற்று. குளியலறையும் கட்டியாயிற்று. ஆள்தான் இல்லை.

“இன்னா மேடம், மூஞ்சி வாடிக் கெடக்குது?”

கையில் மாப்போடு அங்காளம்மா நின்றிருந்தார். கட்டடத்தைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தப் பெண்களுக்கு அவர்தான் தலைவி.

“நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்க்கா. ஸ்டாஃப்ல ஒருத்தர்கூட சைக்கிள்ல வர மாட்டேங்கிறாங்க.”

“மூணாவது மாடிக்கே லிஃப்டு கேக்கறவங்க. சைக்கிள மிதிக்கப் போறாங்களா இன்னா?”

“வாடகை சைக்கிளை டெம்போல கொண்டாந்து நிறுத்திடலாம்னு வாட்ச்மேன் துரை அண்ணன் சொல்றார்.”

“நிறுத்திக்கோயேன்.”

“பொய் சொல்லி வாங்கின சர்ட்டிஃபிகேட்டை எந்த முகத்தோட சுவத்துல மாட்டுறது?”

அங்காளம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாப்பை எடுத்துக்கொண்டு, யாரும் குளிக்காத குளியலறையைத் துடைக்கப் போனார்.

மறுநாள் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆய்வாளர் மெட்டில்டா, மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்தியது. சுவர் சுடவில்லை.

“இது இந்த ஊருக்காகவே கட்டின கட்டடம்,” என்றார் தமிழிலேயே.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சரிதா ஒரு வருஷம் மல்லுக்கட்டியிருந்தாள்.

சைக்கிள் ஸ்டாண்ட் பளபளத்தது. “ஒருத்தரையும் கிட்ட வுடறதில்ல மேடம்,” என்றார் துரை, நெஞ்சை நிமிர்த்தி.

“யாருமே சைக்கிளில் வருவதில்லையா?” மெட்டில்டா கேட்டார்.

வாடகை சைக்கிள் ஒரு கணம் சரிதாவின் மனதில் வந்து போனது. “இல்லை,” என்றாள்.

மெட்டில்டா பூஜ்யம் என்று எழுதினார்.

மாலையில் அவரை வழியனுப்ப சரிதா கேட் வரை போனாள். பகல் ஷிஃப்ட் முடிந்த துப்புரவுப் பெண்கள் அப்போதுதான் வெளியேறினார்கள். எதிரே டீக்கடைக்குப் பின்னால் போனவர்கள், ஒவ்வொருவராகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். முதலில் அங்காளம்மா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்.

மெட்டில்டா நின்றுவிட்டார். “இவர்கள் உங்கள் கட்டடத்தில்தானே வேலை செய்கிறார்கள்?”

“ஆமா. ஆனா கான்ட்ராக்ட்...”

“சம்பளம் யார் தருகிறார்கள் என்று எங்கள் விதி கேட்பதில்லை.” எழுதியதை அடித்துவிட்டு, மெட்டில்டா சைக்கிள்களை எண்ண ஆரம்பித்தார்.

சரிதா குறுக்கே ஓடி அங்காளம்மாவின் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். “எப்போலேர்ந்துக்கா சைக்கிள்?”

“தொறந்த நாள்லேர்ந்து. பொண்ணுக்கு இஸ்கூல்ல குடுத்த வண்டி. முடிச்சூர்லேர்ந்து மிதிச்சிக்கினு வந்துடுவேன். தொரைதான் ஸ்டாண்டாண்ட வுடறதில்லையே, டீக்கடையாண்ட போட்டுக்குவோம்.”

“நேத்து அவ்வளவு புலம்பினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ஸ்டாஃபத்தானே மேடம் கேட்ட?”

பிளாட்டினம் கிடைத்தது. ஹர்ஷா இன்னும் காரில்தான் வருகிறான். அங்காளம்மாவும் மற்றவர்களும் முன்கேட் வழியாக மணியடித்துக்கொண்டு உள்ளே வந்து, வேலை முடிந்ததும் தாங்கள் துடைத்த அறையில் தாங்களே குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.