ஸஹர் மிஸ்கோல்

“விடிய மூண்டே முக்காலுக்கு ஒரே நம்பருக்கு அடிக்கிறீங்க. இருபத்தாறு நாள். ஒரு நாளாவது ஒரு சொல் கதைக்கல்ல. இது என்ன சிக்னல்?”

சிவில் உடுப்பில் கைருன்னிஸாவின் கரைத்தீவு வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்த பொலிஸ்காரர் ஒரு தாளை நீட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள்.

“என்ட கோல் விவரம் எடுக்க கோர்ட் ஓடர் இருக்கா சேர்?”

“ஓடரோட வந்தா ஜீப்பில ஏத்திக்கொண்டுதான் போவன். பயங்கரவாதக் கேஸ். பரவாயில்லையா?”

அவள் தாளை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

“வல்லாஹி, அப்பிடி ஒண்டுமில்ல சேர்! நோன்பு காலம். தங்கச்சிய ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்புறன். அவ கட் பண்ணினா, எழும்பிட்டா எண்டு அர்த்தம்.”

“தங்கச்சி எங்க?”

“கண்டக்குழியில. கருவாட்டு வாடிக்குப் பின்னுக்கு, நீலக் கேட் வீடு.”

அவர் சிரித்துக்கொண்டே தாளை மடித்தார்.

“இவ்வளவுதானா? பயப்படாதீங்க.”

கைருன்னிஸாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலில் இறங்கியவர் ஃபோனைக் காதில் வைத்தார்.

“சேர், உங்கட வைஃப் கண்டக்குழியிலதான் இருக்கிறா.”

பொலிஸ் புருஷனின் அடி தாங்காமல் ஓடி வந்த தங்கச்சி ஸும்ராவை ஒளித்து வைத்ததே கைருன்னிஸாதான். ‘கதைச்சாத்தான் பிடிபடுவம், நான் அடிச்சாலும் எடுக்காதே, கட் பண்ணு’ என்று சொல்லி வைத்ததும் அவள்தான்.

பதறிப்போய்த் தங்கச்சிக்கு அடித்தாள்.

ராத்தாவின் சொல் தட்டாத ஸும்ரா, இரண்டாவது றிங்கிலேயே கட் பண்ணினாள்.